பத்தாயிரமாவது அணுகல்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று சரித்திரத்துக்குத் தெரியாது. நெருப்பைக் கண்டுபிடித்தவரும் விலாசம் கொடுக்காமலே போய்விட்டார். ஆனால் ஏழையின் காலடிக்கு விலை உண்டு என்று கண்டுபிடித்தவர் யார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என் மனைவியின் தம்பி. எங்கள் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தின் செயலாளர். நான் அதன் துணைத் தலைவர். தலைவர் என்று ஒருவரும் இருக்கிறார். அவரை நாங்கள் எழுப்புவதில்லை.

தொழிலால் நான் தார்ப்பாய், கயிறு மொத்த வியாபாரி. முழம் போடும்போது கயிற்றை எவ்வளவு இழுக்கலாம் என்று தெரிந்த குடும்பத்தில் பிறந்தவன். சங்கத்துக்கு நேர் பின்னால் என் கிடங்கு. அங்கே ஒரு ஓரமாக, அவசரத்துக்குத் தவிப்பவர்களுக்கு ஏதோ என்னால் முடிந்த கைமாற்று கொடுப்பதுண்டு. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் காலையில் வட்டி வாங்குவதோடு சரி.

சங்கத்தின் மேல் ஊருக்கு நெடுநாளாக ஒரு குறை இருந்தது. ஏழைகளுக்குக் கடன் கொடுப்பதில்லையாம். இதை நாங்கள் ஒருநாளும் மறுத்ததில்லை. மறுப்பது நாகரிகமல்ல. அந்தச் சமயத்தில்தான் கடல் கடந்த ஒரு தர்ம ஸ்தாபனத்திடமிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. பதினெட்டுப் பக்கம். அதில் 'அணுகல்' என்ற சொல் இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில் இருந்தது. சாமானிய மனிதர் கடன் சங்கத்தை 'அணுக' முடிகிறதா என்பதுதான் இந்த நூற்றாண்டின் கேள்வியாம். அதற்காக அவர்கள் ஒரு அணுகலுக்கு நூறு ரூபாய் வீதம் தருவார்கள். மொத்தம் பத்தாயிரம் அணுகல் ஆகிவிட்டால், புதிதாக ஒரு கட்டடமே கட்டித் தருவார்கள்.

மச்சினன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"மாமா, இதுல கடன் குடுக்கணும்னு எங்கயாவது போட்டிருக்கா, கொஞ்சம் பாருங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "இல்லையே மாப்ளே. அணுகணும்னுதான் போட்டிருக்கு."

"அதான் மாமா," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. கண்டுபிடிப்பாளர்களுக்கு அப்படி ஆகும் போலிருக்கிறது.

அடுத்த மாதமே பெட்டியில் ஒரு இரும்பு யந்திரம் வந்து சேர்ந்தது. மூன்று கம்பிகள் கொண்ட சுழல்கதவு. பெருவிரலை வைத்தால் 'ணிங்' என்று மணி அடித்து ஒரு கம்பி வழிவிடும். தலைக்கு மேலே சிவப்பு விளக்கில் எண் ஒன்று கூடும். ஊழியர், நிர்வாகிகள் விரல்களை முன்கூட்டியே வாங்கி 'செல்லாது' என்று அதில் பதிந்து அனுப்பியிருந்தார்கள். நம்மை நேரில் பார்க்காமலே எப்படியோ புரிந்து வைத்திருக்கிறார்கள். மற்றபடி யார் விரலும் எத்தனை தடவையும் செல்லும். ஊர் ஜனங்கள் அதற்கு 'ராட்டினம்' என்று பெயர் வைத்தார்கள். அவர்களுக்கு எதிலும் மரியாதை கிடையாது.

மச்சினன் சும்மா இருக்கவில்லை. உள்ளே வருவதற்குத்தான் காசு, வெளியே போவதற்கு இல்லை என்று கண்டதும், வெளியே போகிற வழியைப் பின்பக்கம் திருப்பினான். அந்தச் சந்து நேராக என் கிடங்கு வாசலில் முடிகிறது. இது தற்செயல். செருப்பை ராட்டினத்துக்கு உள்பக்கம் கழற்றி வைக்கவேண்டும் என்று ஒரு பலகை மாட்டினான். பின்பக்கமாக வெளியேறியவர்கள் பாதிச் சந்து போனதும் காலைப் பார்ப்பார்கள். செருப்புக்காகச் சுற்றிக்கொண்டு மறுபடி முன்வாசலுக்கு வருவார்கள். ணிங். செருப்பு மட்டும் எங்களுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து அணுகல் ஈட்டித் தந்தது. கடன் விண்ணப்பத்தையும் அவன் பதினொரு பக்கமாக வளர்த்தான். ஒரு வருகைக்கு ஒரு பக்கம்தான் ஏற்கப்படும். ஏழைகளுக்குப் பளு கூடாது அல்லவா?

இந்த ஏற்பாட்டின் முழுப் பயனையும் அடைந்தவர் என்று நான் பெருமையோடு குறிப்பிட விரும்புவது பஞ்சர் அக்காவை.

முச்சந்தியில், மின்கம்பத்தடியில் அவர் கடை. ஒரு பழைய டயர், ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு கைப்பம்பு, உட்கார ஒரு மரப்பெட்டி. புருஷன் செய்த தொழில். அவன் போனபின் இவர் செய்கிறார். ஆறு வருடமாகச் சங்கத்தில் உறுப்பினர், ஒரு வாரம்கூடச் சந்தா தவறியதில்லை. கைப்பம்பை அடித்து அடித்து வலது தோள் போய்விட்டது. பம்பை இப்போது இடது கையால்தான் அடிக்கிறார். வைத்தியர், அதுவும் இன்னும் ஒரு வருடம்தான் தாங்கும் என்று சொல்லிவிட்டாராம். ஒரு ஒர்க்‌ஷாப்காரர் தன்னுடைய பழைய கம்ப்ரசரை முப்பத்தெட்டாயிரத்துக்கு விற்கத் தயார். அக்கா மூவாயிரம் முன்பணமும் கொடுத்துவிட்டார். பாக்கி முப்பத்தைந்தாயிரத்தை முப்பதாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குள் கொடுத்தால் கம்ப்ரசர் இவருக்கு. கொடுக்காவிட்டால் முன்பணமும் போச்சு, கம்ப்ரசரும் இவர் கடைக்கு எதிர்ச்சாரியில் புதிதாகக் கடை போடப்போகிறவனுக்குப் போகும். அவன் காசை மடியில் கட்டிக்கொண்டு காத்திருக்கிறான். கம்ப்ரசர் எதிரே இருக்கும்போது கைப்பம்புக்காரியிடம் யார் வண்டியை நிறுத்துவார்கள்? ஆகவே அக்கா சங்கத்துக்கு வந்தார். வந்தார் என்றால், வந்துகொண்டே இருந்தார்.

எங்கள் எழுத்தர் அவரை நடத்திய விதம் பாடப்புத்தகத்தில் சேர்க்கத் தக்கது.

"போட்டோ ஒட்டியாச்சா அக்கா?"

"ஒட்டியாச்சு தம்பி."

"எதுல ஒட்டினீங்க?"

"பஞ்சர் ஒட்டுற சொல்யூஷன்லதான். உசுரே போனாலும் பிரியாது."

"பசையிலதான் ஒட்டணும்னு விதி. பிரிச்சு ஒட்டிட்டு நாளைக்கு வாங்க."

"பிரியாதுன்னுதானே தம்பி சொல்றேன்."

"அப்ப புதுப் படிவம்தான். அது நாளான்னைக்குத்தான் வரும். வாங்க."

இன்னொரு நாள், தோள்வலிக்கு மருத்துவச் சான்று கேட்டார் எழுத்தர். அக்கா கொண்டுவந்தார். தோள் இவ்வளவு மோசமாக இருந்தால் தொழில் செய்து கடனை எப்படிக் கட்டுவீர்கள் என்று விளக்கம் கேட்டார். கம்ப்ரசர் வந்தால் தோளுக்கு வேலை இல்லை என்று அக்கா எழுதிக் கொடுத்தார். தோளுக்கு வேலை இல்லை என்றால் மருத்துவச் சான்று எதற்கு என்று அது திருப்பி அனுப்பப்பட்டது. இப்படியாக ஐம்பத்தெட்டு அணுகல். தனி ஒரு மனிதருக்கு இத்தனை அணுகலை வழங்கிய சங்கம் வேறு எங்கும் இல்லை என்று தர்ம ஸ்தாபனம் எங்களைப் பாராட்டி எழுதியது. கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினோம்.

ஐம்பத்தெட்டாவது நாளில்தான் சிக்கல் வந்தது. நிர்வாகக் குழுவை அவசரமாகக் கூட்டினோம். எழுத்தர் எழுந்து நின்றார்.

"சார், அந்த அக்கா பதினொரு பக்கமும் முடிச்சுட்டாங்க. எல்லாம் சரியா இருக்கு. இனி கடன் குடுக்கறதைத் தவிர வேற வழி எனக்குத் தெரியல."

தலைவரே ஒரு கண்ணைத் திறந்தார்.

"குடுத்தா?" என்று கேட்டான் மச்சினன்.

"குடுத்தா வாங்கிட்டுப் போவாங்க சார்."

"போனா?"

போனால் என்ன ஆகும் என்று எங்களுக்கே தெரியும். போன வருடம் கவனக்குறைவாக ஒரு முடிவெட்டுகிறவருக்குக் கடன் கொடுத்துத் தொலைத்தோம். அதற்கு முன் வாரம் நாலு தடவை வந்து கொண்டிருந்த மனிதர், அப்புறம் மாதத்துக்கு ஒரே தடவை வந்தார், தவணை கட்ட. கட்டி முடித்ததும் அதுவும் நின்றது. இப்போது தெருவில் பார்த்தால் சந்தோஷமாகச் சிரிக்கிறார். சிரிப்புக்கு யார் நூறு கொடுப்பார்கள்?

"கடன்ங்கறது அணுகலுக்கு எமன்," என்றான் மச்சினன் தீர்க்கமாக. "ஒருத்தருக்குக் கடன் குடுத்தா, நம்ம வாசலை அவருக்குச் சாத்தறதா அர்த்தம். ஏழையோட வாசலைச் சாத்தற பாவத்தை இந்தக் குழு செய்யப்போகுதா?"

செய்யப்போவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். அக்காவின் விண்ணப்பம் 'பரிசீலனையில்' வைக்கப்பட்டது. பரிசீலனை நிலவரத்தை அவர் தினமும் நேரில் வந்து தெரிந்துகொள்ளலாம் என்று சலுகையும் அளித்தோம்.

இங்கேதான் நாங்கள் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கத் தவறினோம். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, எந்த இடத்தில் குமிழி விடுகிறது என்று கண் கொட்டாமல் பார்ப்பது அந்த அம்மாளின் தொழில். காற்று எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். மறுநாள் வந்தவர் எழுத்தரிடம் போகவில்லை. வாசலுக்குள்ளே சுவரோரமாக ஒரு மணி நேரம் குந்தியிருந்தார். கீரை விற்கிறவர் வந்தார்; ணிங். குடை ரிப்பேர்காரர் செருப்புக்காகத் திரும்பி வந்தார், ணிங். அக்கா அண்ணாந்து சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுத்தரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த நம்பர் ஏறுதே, அது யாருக்கு?"

எங்கள் எழுத்தருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேட்டால் சொல்லிவிடுவார். "வெளிநாட்டுக்காரங்க தலைக்கு நூறு குடுக்கறாங்க அக்கா, சங்கத்துக்கு."

"என் தலைக்கா?"

"உங்க விரலுக்கு."

அக்கா தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாராம். ரப்பர் கறை படிந்து கறுத்த விரல். "இன்னையோட அம்பத்தொம்பது. அஞ்சாயிரத்துத் தொள்ளாயிரம். அது தெரியாம நான் பாட்டுக்கு ஓசியில வந்துட்டுப் போயிட்டு இருந்திருக்கேன்," என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனார். திரும்பி வரவில்லை.

அவர் மட்டும் வராமல் இருந்திருந்தால் பரவாயில்லை. முச்சந்தியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஊரில் தெரியாத ஆள் யார்? வண்டி தள்ளுகிறவர், சுமை தூக்குகிறவர், கீரை, குடை, பழைய பேப்பர், ஒருவர் விடாமல் கிட்டத்தட்ட எல்லோரும் சக்கரத்துக்குக் காற்று பிடிக்க அவரிடம் வருகிறவர்கள்தான். மறுநாள் எங்கள் ராட்டினத்தில் மூன்று ணிங். அதற்கடுத்த நாள் ஒன்று. அதுவும் தபால்காரர். எண் எட்டாயிரத்து அறுநூறில் நின்றுவிட்டது. முப்பதாம் தேதி தர்ம ஸ்தாபனத்தின் அதிகாரி நேரில் வருகிறார். அதற்குள் இன்னும் ஆயிரத்து நானூறு அணுகல் தேவை. இல்லாவிட்டால் கட்டடம் இல்லை.

மச்சினன் என் கடைக்கு வந்து தார்ப்பாய்க் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

"மாமா, இத்தனை வசதி செஞ்சு குடுத்தும் ஜனங்களுக்கு நன்றி இல்ல பாத்தீங்களா? நீங்கதான் போய்ப் பேசணும். பேரம் உங்களுக்குக் கைவந்தது."

உண்மைதான். ஆனால் பேரத்துக்கு என்று நேராகப் போய் நிற்பவன் வியாபாரி அல்ல. ஒரு சாக்கு வேண்டும். ஸ்கூட்டரின் பின்சக்கரத்தில் காற்றை நானே இறக்கிவிட்டு, தள்ளிக்கொண்டு போனேன்.

அக்கா டயரை அமுக்கிப் பார்த்தார். தொட்டித் தண்ணீரைத் தொடக்கூட இல்லை.

"பஞ்சர் இல்லண்ணே. யாரோ வால்வை அமுக்கிக் காத்தை எறக்கியிருக்காங்க."

"அடப்பாவிங்களா! யாருமா அது?"

"உங்க கட்டைவிரல்ல கரி ஒட்டியிருக்கு பாருங்க. அவராத்தான் இருக்கும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த ஊரில் பேரம் பேசத் தகுந்த ஆளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அவர் இடது கையால் பம்பை அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தார். நான் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தேன்.

"சரிம்மா, சுத்தி வளைக்காம பேசுவோம். உனக்கு என்ன வேணும்?"

"கடன் வேணும். முப்பத்தஞ்சாயிரம். அதுக்கு ஆயிரத்து நானூறு தடவை நாங்க வர்றோம். எழுத்தர் தம்பி சொன்னாரு, அவ்வளவுதான் பாக்கின்னு."

எழுத்தரைப் பற்றித் தனியாக ஒரு கூட்டம் போடவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

"ஆள் இருக்கா?"

"நாப்பது பேர். ஆளுக்கு முப்பத்தஞ்சு நடை. ஆனா அவங்க பொழைப்பைக் கெடுத்துட்டுச் சும்மா வரமாட்டாங்க. உங்களுக்கு நூறு வருதில்ல, எங்களுக்கு ஒரு நடைக்கு அம்பது."

"அஞ்சு."

"அண்ணே, வண்டியை எடுத்துட்டுக் கெளம்புங்க."

"காத்து முழுசா அடிக்கலையே."

"அம்பதுக்கு முழுசா அடிக்கறேன். அஞ்சுக்கு இது போதும்."

"சரி, எட்டு."

"நாப்பது. இதுக்குக் கீழ போனா நாப்பது பேர் மூஞ்சியில நான் முழிக்க முடியாது."

"உனக்கு அவங்க மூஞ்சி, எனக்கு என் மச்சினன் மூஞ்சி. அதைப் பாத்திருக்கே இல்ல? எனக்குத்தான் கஷ்டம் அதிகம். பத்து."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் பேரம் பாதி முடிந்த மாதிரி. இப்படியே அரைமணி நேரம் இழுத்து, நடைக்குப் பன்னிரண்டில் வந்து நின்றோம். கடைசி இரண்டுக்காக அவர் காட்டிய வீரத்தை நான் என்றும் மறக்கமாட்டேன்.

"கடன்?" என்றார் அக்கா.

"அனுமதிக் கடிதம் நாளைக்கே உன் கையில. முத்திரை, கையெழுத்து, எல்லாத்தோடயும். சங்கக் கணக்கை அதிகாரி பார்வைக்கு மூடி வெச்சிருக்கு, அதனால பணம் மட்டும் முப்பதாம் தேதி, அதிகாரி போனதும். நாலு மணின்னு போடச் சொல்றேன். நடைக்கூலியும் அப்பவே. ஒர்க்‌ஷாப் ஆறு மணிக்குத்தானே?"

"ஆறு வரைக்கும் வெச்சிருக்கேன்னு சொல்லியிருக்காரு."

"அப்புறம் என்ன? ரெண்டு மணி நேரம் இருக்கே."

சரி என்று தலையாட்டினார். பன்னிரண்டுக்காக அரைமணி நேரம் போராடிய மனுஷி, முப்பத்தைந்தாயிரத்தை அரை நிமிடத்தில் ஒப்புக்கொண்டார். எதிராளி எதற்குச் சண்டை போடாமல் விட்டுக்கொடுக்கிறானோ, அதைத்தான் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கவேண்டும். எங்கள் வீட்டில் இது பால்குடி மறப்பதற்குள் வந்துவிடும் பாடம். பாவம், அவருக்கு ட்யூபோடு நின்றுவிட்டது.

கடிதத்தை மறுநாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வெயிலில் தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்த்தார். 'கடன் அனுமதிக்கப்படுகிறது. முப்பதாம் தேதி மாலை நான்கு மணிக்குச் சங்க வாசல் வழியாக நேரில் வந்து தொகையைப் பெற்றுக்கொள்ளவும்.' உரக்க இரண்டு தடவை படித்தார். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசி மூன்று நாள் எங்கள் சங்கம் கண்ட காட்சியை என்னென்பது! நாற்பது பேர் முன்பக்கமாக வருவார்கள், ணிங், பின்பக்கமாகப் போவார்கள், சந்து வழியாகச் சுற்றி மறுபடி முன்பக்கம். செருப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். சுமை தூக்குகிறவர் ஒருவர் பழக்கதோஷத்தில் மூட்டையோடே சுற்றினார். யாரும் எதுவும் கேட்கவில்லை, நாங்களும் எதுவும் கொடுக்கவில்லை. அணுகல் என்றால் அது அணுகல்.

முப்பதாம் தேதி மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். இளைஞர், சுத்தமான சட்டை, கையில் கணினிப் பலகை. எண் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் நின்றுகொண்டிருந்தது. பத்தாயிரமாவது ஆளாக அக்காவை வரச் சொல்லியிருந்தோம். வந்தார். விரலை வைத்தார். ணிங். எல்லோரும் கைதட்டினோம். அவருக்குப் பொன்னாடை போர்த்தி, 'பத்தாயிரமாவது அணுகுநர்' என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட சான்றிதழைக் கொடுத்தார் அதிகாரி.

"இந்தச் சங்கத்தை நீங்க எத்தனை தடவை அணுகியிருக்கீங்கம்மா?"

"இதோட அறுபது தடவைங்க."

"அற்புதம்! உங்க வாழ்க்கையில என்ன மாற்றம் வந்திருக்கு?"

"செருப்பு தேஞ்சிருக்கு."

"பாதணிச் செலவு அதிகரிப்பு," என்று தட்டிக்கொண்டார் அதிகாரி. "இது வருமான உயர்வோட அறிகுறி. கடன் எப்படி இருந்தது?"

"இன்னும் குடுக்கலைங்க."

"பரவாயில்லம்மா. கடன் வேற பிரிவு. நான் அணுகல் பிரிவு."

அந்த நேரத்தில் ராட்டினம் 'கடக்' என்று ஒரு சத்தம் போட்டுப் பூட்டிக்கொண்டது. சிவப்பு எண் அணைந்தது. அதிகாரியுடன் வந்த இரண்டு ஆட்கள் ஸ்பேனரை எடுத்தார்கள்.

"உடன்படிக்கையோட பதினேழாம் பிரிவு," என்று விளக்கினார் அதிகாரி. "இலக்கு முடிஞ்சதும் இந்தப் பகுதி 'முழுமையா அணுகப்பட்ட பகுதி' ஆயிடும். யந்திரம் அடுத்த ஊருக்குப் போகும். புதுக் கட்டடம் எழும்பற வரைக்கும், ஒன்றரை வருஷம், இந்த வாசலை அடைச்சு வைக்கணும். கட்டுமானப் பாதுகாப்பு."

அக்கா கடிதத்தை வெளியே எடுத்தார். "சார், என் கடன்?"

மச்சினன் கடிதத்தை வாங்கிப் பொறுமையாகப் படித்தான். "செல்லும்மா. நூத்துக்கு நூறு செல்லும். வாசல் வழியா வந்து வாங்கிக்கோங்க."

"நான் உள்ளதான நிக்கறேன்!"

"ஆமாம்மா. ஆனா இப்ப மணி மூணரை. இதுல நாலுன்னு இருக்கு."

"நாலு வரைக்கும் இங்கயே நிக்கறேன்."

"நின்னா அது 'வந்தது' ஆகாதும்மா. வெளிய போயிட்டு நாலு மணிக்கு வாங்க."

"நாலு மணிக்கு வாசலே இருக்காதே!"

"அதுக்குச் சங்கம் என்ன செய்ய முடியும்? கட்டடம் முடிஞ்சதும் வாங்க. கடிதம் கெட்டுப்போற பொருளா?"

எழுத்தர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நாற்பது பேர் நடைக்கூலிக்குக் காத்திருந்தார்கள். அதற்கும் புதுக் கட்டடத்தில்தான் பட்டுவாடா. அதை அவர்களிடம் சொல்லும் பொறுப்பைப் பொன்னாடை போர்த்திய அக்காவிடமே விட்டோம். அவர்தானே வாக்குக் கொடுத்தவர்? முன்வாசலில் பலகை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அக்காவைப் பின்பக்கமாக அனுப்பிவைத்தோம்.

சந்து எங்கே முடிகிறது என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

நான் அவருக்கு முன்னதாகவே கிடங்குக்கு வந்துவிட்டேன். முப்பத்தைந்தாயிரத்தைக் கட்டி மேசை மேல் வைத்திருந்தேன். தற்செயல்தான். பதினேழாம் பிரிவை நான் பத்து மாதத்துக்கு முன்பே படித்திருந்ததும் தற்செயல்தான். அக்கா வாசலில் நின்றார். பொன்னாடை தோளிலிருந்து நழுவிக் கையில் தொங்கியது. கட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார், ட்யூபைப் பார்க்கிற மாதிரி.

"நீங்கதானாண்ணே ஓட்டை?" என்றார்.

"உக்காரும்மா. மணி நாலே கால் ஆச்சு. ஆறுக்கு ஒர்க்‌ஷாப் மூடிருவான்."

உட்காரவில்லை. "அம்பத்தோராயிரத்து எண்ணூறா குடுங்க," என்றார்.

"எதுக்கும்மா அவ்வளவு?"

"நாப்பது பேர் நடைக்கூலி பதினாறாயிரத்து எண்ணூறு. பேசினது நான்."

எனக்கு மெய்சிலிர்த்தது. இப்படிப்பட்ட நாணயஸ்தர்களை நம்பித்தான் என் தொழிலே நடக்கிறது. உடனே எண்ணிக் கொடுத்தேன். படிவம் இல்லை, போட்டோ இல்லை, மருத்துவச் சான்று இல்லை. பெருவிரல் மட்டும் போதும் என்றேன். அனுமதிக் கடிதத்தை ஈடாக வாங்கி வைத்துக்கொண்டேன். கடன் என்னிடம் இருக்கும்வரை கடிதமும் என்னிடம் இருக்கும். கடிதம் என்னிடம் இருக்கும்வரை புதுக் கட்டடம் வந்தாலும் சங்கத்தில் அவருக்குக் கடன் கிடையாது. பாதுகாப்பான ஏற்பாடு.

கம்ப்ரசர் ஐந்தரைக்கு அவர் கடைக்கு வந்துவிட்டது. எதிர்ச்சாரிக்காரன் வேறு ஊர் பார்க்கப் போய்விட்டான். அக்காவின் தோளுக்கு ஓய்வு. ஆட்டோ, லாரி எல்லாம் நிற்கின்றன. ஏழைக்கு நிதி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

போன வாரம் தர்ம ஸ்தாபனத்திலிருந்து எனக்கு ஒரு தொடர்மதிப்பீட்டுப் படிவம் வந்தது. ஏழாவது கேள்வி: 'உங்கள் பகுதியில் நிதிச் சேவை கடைசி மனிதரின் இருப்பிடம் தேடிச் செல்கிறதா? ஆம் எனில், எவ்வளவு இடைவெளியில்?' நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், எங்கள் சங்கத்தின் வரலாற்றிலேயே நேர்மையாக நிரப்பப்பட்ட ஒரே படிவம் அதுதான். 'ஆம். தினமும் காலை ஏழு மணிக்கு. மழை பெய்தாலும்' என்று எழுதினேன்.

நான் போகும்போதெல்லாம் அக்கா பேசாமல் அன்றைய வட்டியை மரப்பெட்டி மேல் வைப்பார். அப்புறம் சாக்கட்டியை எடுத்து மின்கம்பத்தில் ஒரு கோடு போடுவார். இன்று கேட்டுவிட்டேன்.

"என்னம்மா கோடு இது?"

"உங்க அணுகல்ண்ணே. பத்தாயிரம் ஆனதும் உங்களுக்கும் ஒரு பொன்னாடை போத்தி வாசலைச் சாத்திடுவேன்."

அக்கம்பக்கத்தில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்தாயிரம் நாள் என்றால் இருபத்தேழு வருடம் நாலு மாதம். கடைக்கு வந்ததும் முதல் வேலையாக, நான் போட்டிருக்கும் வட்டியில் அக்காவின் கடன் அடைய எத்தனை நாளாகும் என்று கணக்குப் பார்த்தேன்.

சரியாகத்தான் வருகிறது.